பார்க்க மட்டும்

கடிதத்தில் தெளிவாகத்தான் இருந்தது:
வெளிநாட்டுத் தன்னார்வலருக்குப் பார்க்க மட்டும் அனுமதி.
தொடக் கூடாது.
நான்தான் அதை முத்தாலேக்குப் படித்துச் சொன்னேன்,
பேச்சிப்பாறைப் படகுத்துறையில்,
லைஃப் ஜாக்கெட் வாரை அவள் பல்லால் கடித்து
இறுக்கிக்கொண்டிருந்தபோது.
சரி சிஸ்டர் என்றாள்.
சாம்பியாவில் அவள் ஊரும் ஏரிக்கரைதானாம்.
எங்கள் அணையைப் பார்த்து, இவ்வளவுதானா என்றாள்.

லேகாவைப் போர்வைத் தொட்டிலில் தூக்கி வந்தார்கள்.
மூங்கில் கம்பு, நாலு ஆள்,
அட்டை கடித்த கால்களில் ரத்தம்.
தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் என்றது என் பதிவேடு.
லேகா ஒன்றும் சொல்லவில்லை.
படகின் விளிம்பைப் பிடித்தாள்,
அந்தப் பிடியிலேயே தெரிந்துவிட்டது.

ஐப்பசி. நாலரைக்கே இருட்டு.
தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களுக்கு நடுவே
எஞ்சின் இருமி, நின்றது.
கோலப்பன் சட்டையைக் கழற்றிக் குதித்தார்.
"இப்பம் சரியாவும் மக்களே"
யாரிடம் சொன்னார் என்று தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
பிள்ளையைக் கையில் வாங்கி எனக்குப் பதினோரு வருஷம்.
எல்லாரையும் ஆசுபத்திரிக்கு அனுப்புவது என் வேலை.
அனுப்பியதை எழுதுவது,
எழுதியதைக் கணினியில் ஏற்றுவது.
வீட்டுப் பிரசவம் பூச்சியம் என்று
குலசேகரத்தில் கைதட்டிச் சான்றிதழ் தந்தார்கள்.
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

கையுறை போட்டேன்,
வலது கையில் இடதுகை உறை.
தலை வந்தது.
கழுத்தில் கொடி.
ஒரு சுற்றல்ல.
படித்ததெல்லாம் நினைவிருந்தது, பக்க எண்ணோடு.
கைதான் வரவில்லை.

முத்தாலே அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
நிஜமாகவே,
இரண்டு கையையும் கக்கத்தில் செருகி.
இப்போது பார்த்தாள்,
லேகாவை அல்ல, என் முகத்தை.
நான் வாய் திறக்கவில்லை.
நகர்ந்தேன், ஒரு சாண்.

பள்ளிக்கூட ஆண்டுவிழா முடிந்து
வேனிலேயே தூங்கிப்போன பிள்ளைக்கு
மாலை கழற்றுவதுபோல
அவள் விரல் கொடிக்கடியில் போனது.
ஒன்று.
இரண்டு.
அவள் மொழியில் அவள் ஏதோ சொல்ல
காணிப் பேச்சில் லேகா பதில் சொன்னாள்.
ஒன்று எனக்குப் பாதி விளங்கும்,
மற்றது அதுவும் இல்லை.
அவர்களுக்கு விளங்கியது.

பிள்ளை அழவில்லை.
மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.
துவாலையால் முதுகைத் தேய்த்தாள் முத்தாலே,
கரிப்பானை விளக்குகிற முரட்டுத்தனத்தோடு,
தேய்த்துக்கொண்டே இருந்தாள்,
நிறுத்து என்று நான் சொல்ல இருந்தேன்,

இருமியது.
கொஞ்ச நேரம் கழித்து எஞ்சினும்.
நீர் சொட்டச் சொட்ட ஏறி வந்த கோலப்பன்
ஆணா பொண்ணா என்றார்.
நாங்கள் அதைப் பார்க்க மறந்திருந்தோம்.

இவ பேரு என்ன என்று கேட்டாள் லேகா.
முத்தாலே என்றேன்.
முத்தாரம்மையா? என்றவள்
கிடந்தபடியே கும்பிட்டாள்.
நான் திருத்தவில்லை.

ராத்திரி, படிவம்.
பிரசவம் நடந்த இடம்: 'வழியில்' என்றொரு கட்டம் உண்டு.
அடுத்தது, பிரசவம் பார்த்தவர்.

வந்த புதிதில் அவள் கேட்டிருந்தாள்,
பிள்ளையை வாங்குவதற்கு உங்கள் பாஷையில்
'பார்ப்பது' என்றா சொல்கிறீர்கள்,
பார்த்தால் போதுமா?
அன்றைக்குச் சிரித்தேன்.

என் பெயரை எழுதினேன்.
ரெஜிலா மேரி, கிராம சுகாதாரச் செவிலியர்.
அவளுக்குச் சிக்கல் வரக்கூடாதே என்று
சொல்லிக்கொண்டேன்.
எனக்கும்தான்.

வெளியே குழாயடியில்
முழங்கைவரை கழுவிவிட்டு உள்ளே வந்து
எத்தனை கிலோ என்றாள்.
இரண்டு எழுநூறு என்றேன்.
அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.