வலது காது

பயின்னவுங் சந்தையில் நான் தரகன்.
உளுந்து, துவரை, பாசிப்பயறு.
பதினெட்டு வருஷமாய் இந்த வலது காது வழியாகத்தான்
விலை உள்ளே வந்தது.

போன திஞ்சான் முடிந்ததும்
தண்ணீர் புகுந்துவிட்டதென்று
நொண்டிக் குதித்தேன். எண்ணெய் விட்டேன்.
தண்ணீர் இல்லை.
இருட்டில் யாரோ பயறு புடைப்பதுபோல்
உஸ்... உஸ்...
என் நெஞ்சு அடிக்கும் அதே கணக்கில்.

மாடி ஏறினால் அதுவும் ஏறும்.
விலை சரிந்தால் அதுவும் ஓடும்.
"உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்கும்?" என்றாள் பூமாலை,
திரும்பிப் படுத்தாள்.
எட்டு மாதம்
என் ரத்தத்தோடு நான் தனியாக விழித்திருந்தேன்.

டாக்டர் கின் ஸ்வே
காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்துக்
கண்ணை மூடினாள்.
"எனக்கும் கேட்கிறது."

அவ்வளவுதான்; மேஜைமேல் கவிழ்ந்து அழுதேன்.
கட்டி என்று அவள் சொன்னது
அந்த அழுகைக்குள் பாதிதான் விழுந்தது.

செவிப்பறைக்குப் பின்னால், செக்கச்செவேலென்று.
புற்று இல்லை. அதற்கு அவசரமும் இல்லை.
மண்டையின் அடித்தளத்தில், ரத்தம் கழுத்துக்கு இறங்கும் ஓட்டையில்
வாடகை தராமல் குடியிருக்கிறது.
பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம்.
லாட்டரியில் எனக்கு ஆறுதல் பரிசுகூட விழுந்ததில்லை.

துண்டு போட்டு விரல் பிடிக்கவில்லை அவள்;
வெளிச்சத்திலேயே விலை சொன்னாள்.

அறுத்தால்,
முதல் நாள் தொடைவழியாகக் குழாய் அனுப்பி
ரத்தம் பாயும் வாய்களை அடைப்பார்கள்,
மறுநாள் எலும்பைக் குடைவார்கள்.
கழிவு: ஒருவேளை பாதி முகம். ஒருவேளை குரல்.
குடிக்கும் கஞ்சி மூச்சில் இறங்கலாம்.
(தரகனிடம் போய்க் குரலைக் கேட்கிறாயே, அம்மா.)

கதிர் வைக்கலாம். அதற்குச் சென்னை, இல்லையென்றால் பாங்காக்.
கட்டி போகாது; வளராமல் நிற்கும்.
உஸ் நிற்குமா?
உதட்டைப் பிதுக்கினாள்.

சும்மாவும் இருக்கலாம்.
ஆறு மாதத்துக்கு ஒரு படம்,
படமெடுக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் வரும் நாளில்.

முதல் தரம் என்று மூன்றில் ஒன்றுமில்லை.
கல்லோ, மண்ணோ, வண்டோ,
எதில் குறைவு என்று பார்த்து எடுப்பதுதான்.

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது?"

அப்பாவின் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது.
தாட்டோனில் தெருவே அதைப் பார்த்தது.
யாரும் காது வைத்துக் கேட்டதில்லை.

"மகளின் ரத்தத்தையும் சோதித்துவிடுங்கள்."

அதுவரை பேரம் பேசிக்கொண்டிருந்தவன்
வாயடைத்துப் போனேன்.

பள்ளியில் அவள் மா சன்டா, வீட்டில் சந்திரமணி.
ராத்திரி நான் ஒன்றும் சொல்லவில்லை;
பூமாலை சொல்லியிருப்பாள்.
வந்தாள். தன் காதை என் காதோடு ஒட்டினாள்.
கன்னத்தில் தனகா காய்ந்த வாசம்.
வெகுநேரம் அசையவில்லை.

"கேக்குதுப்பா."

யாருடையது என்று
நான் கேட்கவில்லை.

காலையில் போனை இடது காதில் வைத்து
பாங்காக்குக்கு விலை கேட்டேன்.
இரண்டு சீட்டு.