ஏழு பெட்டி அரோமா

ஆப்பிள் பெட்டிகளை நிறுக்கும் தராசில்
ஏறி நின்றேன்,
அக்டோபர் கடைசி, கொட்டகையில் ஆளில்லாத நேரம்.
வீட்டுத் தராசு நூற்றிருபதோடு நின்றுவிடும்;
அதற்கப்பால் வெறும் கோடுதான் காட்டும்.
"பூட்ஸைக் கழட்டு" என்றாள் குன்வோர்,
கணக்குப் புத்தகத்தோடு.
கழற்றினேன்.
நூற்றி முப்பத்தொன்று புள்ளி நாலு.
"அரோமா, முதல் தரம், ஏழு பெட்டி" என்றெழுதி
ரசீது கிழித்துக் கொடுத்தாள்.
அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வோஸுக்குப் பேருந்து ஏறினேன்.

கடையில்
காயப்போட்ட மீன்களாய்த் தொங்கின மலைச் சைக்கிள்கள்.
ஒவ்வொன்றின் கழுத்தடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி:
ஆள், உடை, பை, தண்ணீர்
எல்லாம் சேர்த்து நூற்றிருபது கிலோ.

தண்ணீரைக்கூட விடவில்லை.

பக்கத்தில் ஒரு பையன்
கார்பன் வண்டியை ஒற்றை விரலில் தூக்கிக்காட்டினான்
தன் காதலியிடம்.
இருநூறு கிராம் குறைவாம், ஒன்பதாயிரம் குரோனர் கூடுதலாம்.
இருநூறு கிராமை நான்
காலையில் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு வந்திருந்தேன்.

ப்ரின்யுல்ஃப் ஒல்லி; கைகள் மட்டும் வேறு யாருடையவோ.
என்ன உயரம் என்று கேட்கவில்லை,
வாசல் நிலையில் நான் குனிந்ததைப் பார்த்திருந்தான்.
என்ன எடை என்றும் கேட்கவில்லை.
"பழைய வண்டி எங்கெங்க உடைஞ்சது?" என்றான்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சொன்னேன்.
பின்சக்கரக் கம்பிகள், மாதம் மூன்று;
பிர்ச் மரங்களுக்கு நடுவே 'டிங்' என்று ஒன்று போகும்,
அப்புறம் வீடுவரை சக்கரம் நொண்டும்.
இருக்கைத் தண்டை நான் ஏற்றிய உயரத்துக்கு
ஏற்றக்கூடாது என்று அதிலேயே கோடு போட்டிருந்தது;
வளைந்தது.
இறக்கத்தில் பிரேக் தட்டு நீலமாகி நாறும்.
முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும்,
என் மகள் எடுத்த புகைப்படத்தில் நான்
முச்சக்கர வண்டியில் உட்கார்ந்த கரடி.
கடைசியில் சட்டமே, பற்றவைத்த இடத்தில்,
மயிரிழைபோல் ஒரு விரிசல்.
அதை ஒரு வாரம் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு பொருளை எடுத்து
மேசையில் வைத்துக்கொண்டே வந்தான்.
முப்பத்தாறு கம்பிச் சக்கரம்.
தட்டு அகலத்தில் பிரேக் தட்டு.
ஃபோர்க்கில் காற்றடித்துப் பார்த்தான்;
முள் ஓரத்தில் போய் முட்டி நின்றது.
"காத்து தீரல. முள்ளுக்குத்தான் இடமில்ல.
உனக்கு இரும்புச் சுருள்."

பிறகு உள்ளேயிருந்து
உருட்டிவந்தான் பச்சை நிறத்தில்
ஓர் எஃகு வண்டி, ஏணி மாதிரி நெடுசு.
கடைக்குப் பின்னால் சரிவு; மழை;
வழுக்கும் வேர்கள்.
கால் முழுசாக நீண்டது.
பழக்கத்தில் காது கூர்ந்தேன்,
எதாவது முனகுமென்று.
என் மூச்சைத் தவிர ஒன்றுமில்லை.
ஈரவேரில் வழுக்கவேண்டிய டயர்
வழுக்கவில்லை;
அதை அழுத்திப் பிடித்திருந்தது
நான்தான்.

திரும்பிவந்து கழுத்தடியில் தேடினேன்.
பொடி எழுத்தே இல்லை.
"எவ்வளவு தாங்கும்?"
"எழுதல. உடைஞ்சா கொண்டு வா."

சுருள் வர மூன்று வாரமாம்.
அதற்குள் மேலே பனி மூடிவிடும்.
முன்பணம் எண்ணிக் கொடுத்தபோது
நோட்டுகளோடு ரசீதும் போய்விட்டது.
வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான்.
"ஏழு பெட்டியா?" என்றான்.
"வர்றப்ப ஒண்ணு கொண்டு வாயேன்.
அரோமான்னா என் பொண்டாட்டிக்கு உயிர்."