எடை

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடிப்படிக்குக் கீழே என் கடை.
மழையோடு வந்தாள் டிலுக்ஷி,
உரச்சாக்கில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியோடு.
"நாப்பத்து மூணு வீதத்தில செத்துப்போகுது அண்ணே.
மாலை மாத்துற இடம்."

மூடியைக் கழற்றினேன்.
கார்ட் நல்ல கார்ட்.
கொழும்பில் எவனோ இரவு பகலாய்
பிட்காயின் தோண்டிவிட்டு விற்றது.
அது எட்டு பின் இரண்டு கேட்கிறது.
இவள் கொடுத்திருப்பதோ
ஹார்ட் டிஸ்க் வயரிடம் இரவல் வாங்கிய ஒரு மாற்றி.
மஞ்சள் வயர் சாயத்தண்ணி நிறமாகியிருந்தது.
முகர்ந்தேன். முகரவே வேண்டியதில்லை.

பவர் சப்ளையை உருவி உள்ளங்கையில் வைத்தேன்.
ஸ்டிக்கரில் அறுநூறு வாட்ஸ்.
கையில் ஒரு றாத்தல் பாண்கூட இல்லை.

"எழுதினது அறுநூறு. இருக்கிறது முந்நூறு."

அவள் சிரித்தாள்.
"எங்கம்மாவுக்கு இது மறுபக்கம்.
கூடையில இருபத்திரெண்டு கிலோ,
புத்தகத்தில பத்தொம்பது."

மீட்டரை வைத்துக் காட்டினேன்.
சும்மா இருக்கையில் பன்னிரண்டு வோல்ட்.
வேலை கொடுத்ததும் பதினொன்று, பத்தரை,
பிறகு இருட்டு.

கனமான ஒன்று ராக்கையில் இருந்தது.
விலையைச் சொன்னேன். மழையைப் பார்த்தாள்.
மூன்று தவணை என்றேன்.

இரண்டு வயர், தனித்தனியாக,
கிளிக் என்று கேட்கும்வரை அழுத்தினேன்.
கீழே அணைக்கட்டில் சைரன் ஊதியது,
கதவு திறக்கப்போகிறார்கள்.
நாற்பத்து மூன்று.
இருவரும் பேசவில்லை.
நாற்பத்து நான்கு.

மாலை கழுத்தில் விழுந்தது.
மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து
எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த மனுசன்தான்," என்றாள் டிலுக்ஷி,
"அட்வான்ஸ்கூட இன்னும் தரல்ல."