குப்பியில் ஆறு

ஒரு குப்பியில் ஆறு பேருக்கு மருந்து.
திறந்துவிட்டால் ஆறு மணி நேரம்.
அதற்குள் ஆறு கைகள் கிடைக்க வேண்டும்,
ரொடோப் மலையின் இந்த ஊரில்,
டிசம்பரில், முழங்கால் பனியில்.

நாலு பேர் வந்தார்கள்.
ஐந்தாவது அசென், எங்கள் வேன் ஓட்டுநர்.
மூன்றாம் தவணைக்கு நாள் வந்துவிட்டதா என்று
விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் கையை நீட்டினான்.

மிச்சம் ஒன்று.

ரொட்டிக்கடை ராடோயிடம் போனேன்.
அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார்,
முழங்கை வரை மாவு.
"எனக்குள் என்னத்தை எழுதப் போகிறாய்?"

எழுதுவதில்லை, என்றேன்.
எம்ஆர்என்ஏ என்றால் ஒரு துண்டுச்சீட்டு, அவ்வளவுதான்.
கொழுப்புக் குமிழிக்குள் மடித்து வைத்தது,
இல்லாவிட்டால் வழியிலேயே நைந்துபோகும்.
அத்தனை குளிரும் அத்தனை பெட்டியும் அதற்குத்தான்.
செல்லுக்குள் போனதும் குமிழி கரையும்.
உங்களைப் போல் ஒருவர் அங்கே சீட்டை வாசித்து
கேட்டதைச் செய்து வைப்பார்:
வைரஸின் மேல் துருத்தியிருக்கும் முள்.
முள் மட்டும். வைரஸ் இல்லை.
காவலுக்கு நிற்பவர்கள் அதைத் தடவிப் பார்த்து
யாரடா இது என்று
சண்டைக்குப் பழகிக்கொள்வார்கள்.
சீட்டோ சில நாளில் தூள்தூளாகிவிடும்.
உங்கள் கணக்கும் கைப்பக்குவமும் எழுதிய நோட்டு
உள்ளறையில் பூட்டியிருக்கிறதே,
அந்த அறைப் பக்கமே அது போகாது.

அவர் ஒரு தட்டு ரொட்டியை வெளியே இழுத்தார்.
"சீட்டை அடுப்பில் போட்டாலும்
வாசனை கடையில் நிற்குமே" என்றார்.

நிற்கும். அது நிற்கத்தானே இத்தனையும்,
என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை.
தெருவில் பாதி தூரம் வந்த பிறகு தோன்றியது.
எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்,
ஒவ்வொரு வாசலிலும் எனக்காகக் காத்திருக்கும் கேள்வி:
"என் தம்பி ஜிவ்கோ இரண்டும் போட்டுக்கொண்டான்.
பிறகும் பத்து நாள் இருமினான்.
அப்புறம் எதற்கு?"

ஜனவரியில் என்னிடம் ஓர் எண் இருந்தது.
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.
புதுக் காசு போல் எல்லோர் கையிலும் வைத்தேன்.
வைரஸ் சட்டை மாற்றிக்கொண்டே போனது.
மாதம் போகப் போகக்
காவலும் கொஞ்சம் கண்ணயர்ந்தது.
காசு தேய்ந்தது.
கொடுத்தவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள்,
வாங்கியவர்கள் முகத்தில் விழிப்பவள் நான்.

ஜிவ்கோ வீட்டில் இருமினார், என்றேன்.
தன் கட்டிலில், தன் போர்வைக்குள்.
அக்டோபரில் மாவட்ட மருத்துவமனையின்
நடைபாதையிலும் கட்டில் போட்டிருந்தோம்.
அங்கே கிடந்தவர்களில் பெரும்பாலோர்
ஊசி போடாதவர்கள்.
எல்லோரும் அல்ல. பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் வராமல் போனவர்களை
எப்படி உங்களுக்குக் காட்டுவேன்?
காலிக் கட்டிலில் பெயர் எழுதித் தொங்கவிடுவதில்லை.

போன வசந்தத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார்.
ஊர் மண்டபத்தில் படம் போட்டு விளக்கினார்.
அறுபது பேரும் தலையை மேலும் கீழும் அசைத்தார்கள்.
பூரித்துப்போய்ப் பையை மூடினார்.
எங்கள் பல்கேரியாவில் அதற்கு 'இல்லை' என்று பொருள்.
மூன்றாவது மலை வளைவு தாண்டித்தான்
அசென் அவரிடம் சொன்னான்.

நாலரைக்கு ஆறு மணி நேரம் முடிந்தது.
குப்பியை மஞ்சள் பெட்டியில் போட்டேன்.
பதிவேட்டில்: வீண், ஒன்று.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கதவு திறந்தது.
ராடோய். ஒரு கையில் சட்டை சுருட்டியிருந்தது.
மறு கையில் தாளில் சுற்றிய ரொட்டி.
"நேரமாகிவிட்டதா?"
ஆகிவிட்டது.
உங்கள் ஒருவருக்காகத் திறந்தால் ஐந்து வீணாகும்.
வியாழக்கிழமை வருவோம்.
வருவீர்களா?

தலையை இடமும் வலமும் ஆட்டினார்.
இங்கே அதற்கு 'ஆம்'.
ஆனால் முடியிலிருந்து மாவு உதிர்ந்தது.
ஒப்புக்கொண்டாரா, உதறிக்கொண்டாரா,
தெரியவில்லை.

ரொட்டி இன்னும் சுட்டது.
மலையிறங்கும் வழியெல்லாம்
அசெனும் நானும் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம்.