ஸ் தீர்ந்த பக்கம்

ஐந்தாம் பாரம் கோர்க்கும்போது
பெட்டியில் ஸ் தீர்ந்தது.

கொன்ஸ்தாந்திநோபிள் என்று
பக்கத்துக்கு ஒன்பது தரம் எழுதுகிற மனிசன்
இதை யோசித்திருக்க வேண்டும்.
யுஸ்தினியானுஸ், அனஸ்தாசியுஸ், பசிலியுஸ்:
அந்த அரசர்கள் எல்லாரும் ஸ் தின்று வளர்ந்தவர்கள்.
எங்கள் அச்சகம் கலியாணக் காட்டுக்கும்
கோயில் நோட்டீசுக்கும் எழுத்து வாங்கியது.
கட்டிய பக்கத்தை அடித்துக் கலைத்தால் ஸ் திரும்பும்.
அடிக்கக் கடதாசி இல்லை.
கொழும்பிலிருந்து ஈயமும் வராது,
எழுத்தும் சன்னமும் ஒரே உலோகம் என்று
யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

எஸ்தாக்கியர் சுங்கக் கந்தோரில் கிளாக்கர்.
கப்பல் வராத துறையில்
பதினொரு வருசம் வரவுக் கையெழுத்து வைத்து,
பேரேடுகளின் பின்பக்கங்களில்
கிழக்கு ரோமாபுரியின் கதையை எழுதினார்.
குருநகரிலிருந்து சைக்கிளில் வந்து
முற்றத்து வெயிலில் நின்றபடி சொன்னார்:

"ஸ் முடிஞ்சால் நகரம் எண்டு போடும் பிள்ளை.
அவையளும் அப்பிடித்தான் சொன்னவை,
நாங்கள் ரவுணுக்குப் போறம் எண்டு சொல்லுறேல்லையே.
பைசாந்தியம் எண்டது
எல்லாம் முடிஞ்சாப்பிறகு வேற ஆரோ வைச்ச பேர்.
கடைசிவரை தாங்கள் ரோமர் எண்டுதான்
அவையள் நினைச்சிருந்தவை."

பிறகு நகரம் என்றே கோர்த்தேன்.
நகரத்தின் மதில். நகரத்தின் பஞ்சம்.
நகரத்தின் துறைக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி.
சங்கிலிக்கு மட்டும் நாலு பக்கம் எழுதியிருந்தார்,
சுங்கக் கந்தோர்க்காரர் அல்லவா.

படங்களை உடைத்த அரசர்களின் அத்தியாயத்தை
பங்கருக்குள் இருந்து புரூவ் பார்த்தேன்.
சுண்ணாம்பு பூசி மறைத்த முகங்கள்
மூன்று தலைமுறை கழித்து வெளியே வந்தனவாம்.
மேலே எங்கோ விழுந்து வெடித்தது.
என் தாளில் மண் கொட்டியது.

புளித்த அப்பமா, புளியாத அப்பமா என்று
இரண்டு திருச்சபைகள் முகம் திருப்பிய பக்கம்
சங்கக்கடை வரிசையில் என் மடியில் இருந்தது.
முன்னால் நின்றவர் திரும்பிச் சொன்னார்:
மா முடிஞ்சுதாம்.

கடைசி இரவில் அந்த இரண்டும்
ஒரே கோபுரத்தின் கீழே அழுதுகொண்டு கும்பிட்டன
என்று முடிகிறது பத்தாம் அத்தியாயம்.
அதை நான் நம்பவில்லை.
பிறகு, நாவற்குழிப் பாலத்து மழையில்
லட்சம் பேருக்குள் நெரிந்து நின்றேன்.
அன்று ஒருவரும்
இன்னாரைத் தொட்டுவிட்டேன் என்று குளிக்கவில்லை.

ஒலிபெருக்கி வந்த பின்னேரம்
துறவியின் மீன்களைக் கோர்த்துக்கொண்டிருந்தேன்.
நகரம் விழுந்தது என்று ஓடிவந்து சொன்னவனிடம்
தாச்சியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த துறவி சொன்னாராம்:
இந்த மீன் உயிரோடு துள்ளட்டும், நம்புகிறேன்.
"மீன்கள்" என்பதுவரை கோர்த்தேன்.
அடுப்பில் எங்கள் ஓராவும் ஒரு பக்கம்தான் வெந்திருந்தது.

ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது
கதவு இல்லை, கூரை பாதி.
தாச்சி கிடந்தது, மீன் இல்லை.
பூனையாக இருக்கும்.
கல்லின்மேல் பாரம் பூட்டியபடியே இருந்தது,
தூக்கிப்போக ஒருவருக்கும் தெம்பில்லை.

மதலேனா, அவருடைய மகள்,
கொப்பித் தாளில் நாலு வரி கொண்டுவந்தாள்.
கிளிநொச்சியில் மலேரியா. பதினாறு நாள்.
சுங்கக் கந்தோர் இளைப்பாறிய எழுதுவினைஞர்
எஸ்தாக்கி இறைபதம் அடைந்தார்.

பெட்டியில் தேடினேன்.

பாரத்தின் மூன்றாம் வரியில், அவர் பிடிவாதமாகத்
திருத்தவிடாத ஒரேயொரு கொன்ஸ்தாந்திநோபிள்.
ஊசியால் கிளப்பி அதன் ஸ் ஐ எடுத்தேன்.
இடம் விட்டால் மற்ற எழுத்துகள் சரியும்.
எழுத்தில்லாத ஈயத்துண்டு ஒன்றை
அந்த இடைவெளிக்குள் இறுக்கினேன்.