முயல

வரைவின் நான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது:
“ஆற்றுநீரின் உப்பை ஐந்தாண்டுக்குள்
இரண்டாயிரத்து நூறுக்குக் கீழே
கொண்டுவர முயல வேண்டும்.”

திருப்பூர் கலெக்டர் ஆபீஸ், மூன்றாம் மாடி,
ஏசி ஓடாத மே மாதம்.
சாயப்பட்டறைச் சங்கத்துக்காரர்
கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
“அது இருக்கட்டுங்க. நல்ல சொல்லுதானுங்களே.”
டெல்லியிலிருந்து வந்தவர் தலையாட்டினார்.

கடைசி வரிசையில் சென்னியப்பன் எழுந்தார்.
“இருவது வருசமா முயலத்தானுங்க தொரத்தறோம்.
புடிச்சிருந்தா
அதுக்கு மூணே காலுன்னாவது
சண்டை போட்டிருப்போம்.”

சிரித்தார்கள். நானும்.
துளசிமணி மேடம் மட்டும் சிரிக்கவில்லை.
சிவப்புப் பேனா.
இரண்டு மொழியிலும் ஒரே கோடு.
‘கொண்டுவர வேண்டும்.’

மூன்றெழுத்து போனதற்கே
யாரோ ஜன்னலைச் சாத்தியதுபோல் இருந்தது அறை.

அது சட்டமாகித் திரும்பி வந்தது,
எண்ணோடும் தேதியோடும்,
தவறினால் மந்திரி சபையில் எழுந்து நின்று
காரணம் சொல்ல வேண்டும் என்ற பிரிவோடும்.

முதல் வருடம் ஒரு கோப்பு.
இரண்டாம் வருடம் அந்தக் கோப்பைத் தேட ஒரு குழு.
அப்போதும் இரவில் குழாய் திறந்தார்கள்.
செவ்வாய் மெரூன், வியாழன் கருநீலம்.
எந்தத் தேசம் டிசம்பரில் என்ன நிறம் உடுத்தும் என்று
நொய்யலுக்கு ஆகஸ்டிலேயே தெரியும்.

மூன்றாம் வருடம்
ரத்தினமூர்த்தி ஊத்துக்குளித் தோட்டத்தை விற்று
வடிகட்டி வாங்கினார்.
பக்கத்துப் பட்டறை வாங்கவில்லை.
விலை குறைத்து ஆர்டரை அவர்கள் எடுத்தார்கள்.
பிறகு அங்கே சீல் வைத்தோம்.
வேலை போனவர்களில் என் தம்பியும் ஒருவன்.
ஏழு மாதம் என்னோடு பேசவில்லை.

பிரித்தெடுத்த உப்போ
மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது.
அதற்கு எந்தப் பிரிவிலும் எண் இல்லை.

நான் பாட்டில் பிடிப்பவள்.
ஐந்தாம் வருடம், கடைசி வாரம்,
பாலத்துக்கடியில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்.
மீட்டர் காட்டியது: 2340.

போன் வந்தது.
“ராத்திரி மழைங்கறாங்க.
நாளைக்குக் காலைல எடுத்தா என்னம்மா?”

ஒன்றுமில்லைதான்.
மழை நன்றாகவே கணக்குப் போடும்.
ஆனால் அந்த இருநூற்று நாற்பதை
நாளை மறுநாள் யார் குடிப்பது?

கரையில் சென்னியப்பன்,
தூக்குப்போசியில் டீ.
அவருக்கென்று ஒரு மீட்டர் உண்டு:
கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் பால் திரிகிறதா, இல்லையா.
“இன்னிக்குத் திரியலீங்க” என்றார்.
குடித்துப் பார்த்தேன்.
சர்க்கரையைத் தாண்டிக் கரித்தது.

எண்ணைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.
“காது கைக்கு வந்திருச்சுங்க.
இப்ப விட்டுறாதீங்க.”

லேபிளில் எழுதினேன்:
2340. மாலை ஆறு பத்து.
மழை வந்தபோது மணி ஏழரை.