முகவரி மாற்றி

சனிக்கிழமை, பன்னிரண்டே முக்கால்.
கொருக்குப்பேட்டை கேட்டு போட்டாச்சு.
எண்ணெய் டேங்கர் ரயில் நகர்கிறது,
மேசையில் தண்ணீர் பாட்டில் மட்டும் நடுங்குகிறது.
மாவு மில்லுக்கு மேலே எங்கள் ஆபீஸ்:
ஒரு ரேக், இரண்டு ஃபேன், ஒன்று ஓடாது,
எப்போதும் கருப்பாகவே இருக்கும் ஒரு திரை.

கட்டளையை அடிக்கிறேன்.
வரி வரியாய் இறங்குகிறது தெரு.

இடப்பக்கம் வீட்டின் சொந்த எண்,
நடுவில் எங்கள் எண்,
வலப்பக்கம் போய்ச் சேரும் இடம்.
கடைசியில் நிலை. அதை ஒட்டி
குறைந்துகொண்டே போகும் நொடி.

இருநூற்றுப் பதினேழு வீடு.
வெளியே போனால் எல்லோருக்கும் ஒரே முகவரி.
சலேத்தம்மாள் மகள் நர்ஸ் வேலைக்குப் போடும் விண்ணப்பம்,
மொய்தீன் கடையில் பிரியாணிக்கு வந்து விழும் காசு,
மூணாவது சந்தில் எவனோ விடிய விடியச் சுடும் துப்பாக்கி,
எல்லாம் எங்கள் பெயரில்தான் கிளம்புகிறது.
திரும்பி வரும் பதிலில் யாருக்கென்று இருக்காது.
இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

நானும் மாற்றியிருக்கிறேன்.
முதல் இன்டர்வியூ, அண்ணா நகர்.
வியாசர்பாடி என்று எழுதி, அடித்து,
பெரியம்மாவின் பெரம்பூர் நம்பரைப் போட்டேன்.
வேலைக் கடிதம் அங்கேதான் போனது.
பெரியம்மா அதைப் பிரிட்ஜ் மேல் வைத்து மறந்துபோனாள்,
பதினோரு நாள்.

இதுவும் மறக்கும்.
ஆனால் சொல்லிவிட்டு மறக்கும்:
பதில் வராததை முப்பது நொடியில்,
விடைபெற்றுக்கொண்டதை இரண்டு நிமிஷத்தில்.
பேசிக்கொண்டே இருந்துவிட்டுச்
சொல்லாமல் போனவர்களுக்கு மட்டும்
ஐந்து நாள்.

வியாழன் மத்தியானம் மூணு மணிக்கு
கால்வாய் ஓரம் ஜேசிபி வந்தது.
பதினான்கு வீடு.
கேபிளோடு சேர்த்து இழுத்தார்கள்.
சுவிட்சை அணைக்கக்கூட யாருக்கும் நேரம் இல்லை.
போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை,
அதைத்தான் இந்த ஏற்பாடு எதிர்பார்க்கிறது,
அது வரவில்லை.

ஆகவே இன்னும் இருக்கிறார்கள்.
எப்சிபா வீடு, நாகபூஷணம் வீடு,
பெயர் எழுதாமல் மாதாமாதம் துட்டு கொடுத்த மாடி வீடு.
இணைப்பு உண்டு, இணைப்பு உண்டு, இணைப்பு உண்டு.
இரண்டு லட்சத்து இருபத்து நான்காயிரம் நொடி பாக்கி.

மேட்ச் நேரத்தில் பட்டியல் நிரம்பி வழிந்தபோது
ஓனர் போனில் கத்தினார்:
செத்த வரியெல்லாம் தூக்குய்யா.
ஒரே கட்டளை. தெரியும்.
சுடுகிறவன் வரிகளைத் தூக்கினேன்.
ஐந்து நிமிஷத்தில் அவன் கூப்பிட்டுக் கெட்ட வார்த்தை பேசினான்.
நல்லது, உயிரோடிருக்கிறான்.

திங்கள் சாயங்காலம் எப்சிபா பேசினாள்.
பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியாம்,
லிஃப்ட் ஓடவில்லையாம்,
பையனுக்கு ஆன்லைனில் ஏதோ பரீட்சை,
அட்ரஸ் கேட்கிறான், எதைப் போடுவது என்று தெரியவில்லை.
'அண்ணா, உங்க லைன் இங்க வருமா?'

வராது என்றேன்.
திரையில் எண்பத்தோராயிரம் நொடி பாக்கி இருந்தது.